கேமராவுக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்

கம்ப்யூட்டர் திரையையும் கேமராவையும் முதன்முதலில் ஜோடி சேர்த்தவன் யாரோ, அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன். கல்யாணமும் ஆகி, பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் பிழைக்கப் போயிருந்தானானால், கேமராவைக் கொண்டுபோய்த் திரையின் தலைமேல் உட்கார வைத்திருப்பானா? முகம் கீழே தெரிகிறது. கண் மேலே இருக்கிறது. நடுவில் ஒரு சாண். அந்த ஒரு சாணில்தான் என் ஐந்து வருஷம் போயிற்று.

என் வீட்டுக்காரர் நெல்லிக்குப்பத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். 2006 கடைசியில் குவைத்துக்குப் போனார். எங்கள் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. அவர் போன பிறகு அதில் நான், மகள், என் மாமியார் என மூன்று பேர். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கும் எனக்கும் சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அத்தை கூடத்தில் இருந்தால் நான் என் புருஷனோடு பேசுகிற பேச்சே வேறு. "சாப்டீங்களா, அங்க வெயில் ஜாஸ்தியா" என்பதோடு சரி.

போனில் குரல் மட்டும் வரும். பாதிப் பேச்சில் அவருடைய போன் கார்டு தீர்ந்து "டொக்" என்று அறுந்துபோகும். ஒருநாள் அவரே சொன்னார், "முகத்தப் பாக்கணும் போல இருக்கு." யாருடைய முகத்தை என்று சொல்லவில்லை. அத்தை பக்கத்தில் இருந்ததால் நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றே சிதம்பரத்துக்குப் போன் போட்டேன்.

சிதம்பரம் என் பிறந்த ஊர். என் தம்பி அங்கே கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற கடை வைத்திருந்தான். கடை என்றால் ஒரு ஷட்டர், உள்ளே ஆள் நுழைய முடியாத அளவுக்கு அட்டைப்பெட்டிகள். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தான். கேபினெட் கறுப்பா வெள்ளையா? முன்னாடி எத்தனை யூ.எஸ்.பி. வேணும்? ராம் எவ்வளவு போடட்டும்?

"டேய், எனக்கு அதெல்லாம் தெரியாது. உங்க மாமா முகம் தெரியணும், பேசறது கேக்கணும். அவ்வளவுதான்" என்றேன்.

"அதுக்கு எதுக்குக்கா இவ்ளோ டென்ஷன்?" என்று சிரித்தான்.

மானிட்டர் விஷயத்தில் மட்டும் நான் வாய் திறந்தேன். அப்போதுதான் தட்டையான எல்.சி.டி. வர ஆரம்பித்திருந்தது. அது பார்க்க லட்சணமாக இருந்தது. தம்பி வேண்டாம் என்றான். "வெல ஜாஸ்திக்கா. அதோட அது தல மெலிசு, கேமரா நிக்காது. இந்தப் பழைய மாடலுக்குத்தான் தல அகலம். வெச்சா ஜம்முன்னு உக்காரும்" என்று பெரிய பெட்டி மானிட்டரைத் தட்டிக் காட்டினான். ஆக, கேமரா எங்கே உட்கார வேண்டும் என்பது என் தம்பியின் கடையிலேயே முடிவாகிவிட்டது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

அந்தப் பாரத்தைப் பஸ்ஸில் கொண்டுவந்தோம். கேபினெட்டைத் தம்பி வைத்துக்கொண்டான். மானிட்டர் என் மடியில். கண்டக்டர் ஒருமுறை மானிட்டரைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். செம்மங்குப்பம் வந்ததும் கெமிக்கல் கம்பெனிகளின் வாசனை ஜன்னல் வழியாக ஏறியது. பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் மூக்கை விட்டுவிட்டு முந்தானையை எடுத்து மானிட்டரின் மேல் போர்த்தினேன். "அதுக்கு மூக்கு கெடையாதுக்கா" என்றான் தம்பி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் எடுக்கவில்லை.

வீட்டில் அதற்கு நடந்த ராஜ உபசாரத்தைச் சொல்ல வேண்டும். கூடத்தில் நல்ல வெளிச்சம் விழுகிற மூலை அதற்கு. என் பழைய காட்டன் புடவையில் அத்தை உறை தைத்தார். கேபினெட்டுக்கு ஒன்று, மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்குச் சின்னதாக ஒன்று. அந்த மூலைக்குச் செருப்போடு யாரும் போகக் கூடாது. தம்பி போகும்போது ஒரு பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். எதைத் தொடுவதற்கு முன்னாலும் மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ். எதற்கு என்று கேட்டேன். "தெரியாதுக்கா, எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க" என்றான். நானும் பண்ணினேன். ஐகான் எல்லாம் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அப்படியே இருக்கும். அதைச் செய்யாவிட்டால் அவர் முகம் வராதோ என்று எனக்கு ஒரு பயம்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு மெசஞ்சரில் வருவார். அவர் அறையில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து பேசுவார். அங்கே கேமராவை யாரும் கழற்றிக்கொண்டு போகாமல் இருக்க, மானிட்டர் உச்சியில் வைத்து டேப் சுற்றி ஒட்டியிருந்தார்களாம்.

நாற்காலியில் அத்தை. அத்தை மடியில் மகள். நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி நான். குழந்தையின் உயரத்துக்குத் திருப்பி வைத்த கேமராவில் என் இடுப்பும் புடவைக் கொசுவமும்தான் தெரியும். "புடவ நல்லாருக்கு. அதுக்கு மேல ஒரு முகம் இருந்துதே, அது இன்னா ஆச்சு?" என்பார். அத்தை சிரிப்பார். நான் குனிந்து ஒரு நொடி முகத்தைக் காட்டிவிட்டு நிமிர்ந்துகொள்வேன். அந்த ஒரு நொடிக்காக நாலு மணிக்கே தலை வாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தேன் என்பது யாருக்குத் தெரியும்?

நடுவில் ஒருமுறை லீவில் வந்தார். மகளுக்கு இரண்டரை வயது. அந்த ஒரு மாதமும் அவரைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தாள். பழகுகிற நேரத்துக்கு அவர் புறப்பட்டுவிட்டார். அது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. அவளுக்கு அப்பா என்றால் மானிட்டரில் வருகிறவர்.

ஒரு ஆயுத பூஜைக்கு அத்தை தையல் மெஷின், கிரைண்டர், அரிவாள்மணை என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். கேபினெட்டுக்கு ஒரு பொட்டு, மானிட்டருக்கு ஒரு பொட்டு. பிறகு கேமரா. நட்டநடுவில், வட்டமான அந்தக் கண்ணாடியின் மேலேயே அமுக்கிச் சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமத்தையும் வைத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை குவைத்தில் அவர் பதறுகிறார். "என்ன ஆச்சு? ஒரே இருட்டா இருக்கு! எல்லாரும் நல்லாருக்கீங்களா?" நான் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஈரத்துணியை எடுத்துவந்து துடைத்தேன்.

"நெத்தின்னு நெனச்சுட்டேன்மா, அது கண்ணா?" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என் புள்ள கண்ணுலயே சந்தனத்த அப்பிட்டேனே!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கேமரா இல்லை, கண்.

மகளுக்கு நாலு வயது முடிந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை அவள் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தாள். இழுத்துப் பார்த்தேன், அதட்டினேன், முறுக்கு தருகிறேன் என்றேன். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

"அப்பாவுக்கு எம்மேல கோவம். என்னப் பாக்கவே மாட்டேங்குறாரு. கீழயே பாக்குறாரு."

எனக்குச் சுரீரென்றது. திரும்பித் திரையைப் பார்த்தேன். உண்மைதான். அவர் சிரிக்கிறார், "பாப்பா எங்க?" என்கிறார், ஆனால் இமை தாழ்ந்திருக்கிறது. எங்கள் வயிற்றைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. அத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. நான் ஏதோ அவர் களைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். பெற்ற அப்பன் தன்னைப் பார்க்க மாட்டான் என்று ஒரு குழந்தை மனதில் பதிந்துவிட்டால் அதை எந்தத் துணியால் துடைப்பது?

தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நீ குடுத்த பொருள்ல கோளாறு. மாமா கீழ பாக்குறாரு." மறு வெள்ளிக்கிழமை அவன் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டான். கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேல இருக்கறதாலதான்க்கா. திரைக்கு நடுவுல தொங்க விட்டுட்டா நேராயிடும்" என்றான். எனக்கு அது சரியென்று பட்டது. பூ கட்டுகிற வாழைநாரை நனைத்து எடுத்துவந்தேன். அவன் கேமராவைக் கட்டி, திரைக்கு நட்டநடுவில் தொங்கவிட்டான்.

இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அவர் எங்கே பார்க்கிறார் என்பதை முடிவு செய்வது அவருடைய கேமரா. எங்களுடையதைப் பிடித்து நாங்கள் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே பிள்ளைக்குச் சளி என்றால் அங்கே அப்பனுக்கு மருந்து கொடுக்கிற கதை. அது மூன்று பேரில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

ஐந்து மணிக்கு அவர் வந்தார். எங்கள் கேமரா அவர் முகத்துக்கு முன்னால் தொங்கி ஆடுகிறது. மூக்கும் வாயும் தெரியவில்லை. "அய்ய, அப்பா மூஞ்சிய மறைக்குது!" என்று கத்தினாள் மகள். ஆனாலும் அப்பா அதற்குப் பின்னால்தான் இருக்கிறார் என்பதால் அதையே உற்றுப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மாமா, கேக்குதா?" என்றான் தம்பி.

"மச்சான்..." என்றார் அவர். "பாப்பா என்னையே பாக்குறாடா. நேரா என் கண்ணப் பாக்குறா. இத்தினி நாளா இப்படிப் பாத்ததே இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை இருக்கிறார், தம்பி இருக்கிறான் என்பதெல்லாம் மறந்துவிட்டது. "நீங்கதான் அவளப் பாக்க மாட்டேங்குறீங்களாம். உங்களுக்கு அவமேல கோவமாம். ஒரு வாரமா அழுவுறா" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் புரிந்துகொண்டார். மெக்கானிக் இல்லையா. எங்கே பார்க்க வேண்டும் என்று நான் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. தம்பி நாரை அவிழ்த்துக் கேமராவை ஓரமாக எடுத்தான். திரையில் அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். டேப் ஒட்டிய அந்தக் கண்ணைப் பார்த்தார். பார்த்தாரா, இல்லை எங்கள் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாரா! மகள் கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். "பாக்குறாரு! அப்பா என்னப் பாக்குறாரு!"

அவர் சிரித்த முகமாகவே இருந்தார். பிறகு அப்படியே மேலே பார்த்தபடி கேட்டார்.

"சிரிக்கிறாளா? இப்ப என்ன பண்றா? எனக்குத் தெரியலியே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களைப் பார்ப்பதாகத் தெரிய வேண்டுமென்றால் அவர் எங்களைப் பார்க்க முடியாது. எங்களைப் பார்த்தாரானால் பார்க்காதவராகத் தெரிவார். இரண்டில் ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதில், அவர் தன் பிள்ளை முகத்தை விட்டுவிட்டு ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அப்படித்தான் முறை வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. முதலில் அவர் கண்ணைப் பார்ப்பார், மகள் அவரைப் பார்ப்பாள். ஆசை தீரப் பார்த்துவிட்டுப் பெரிய மனுஷி போலச் சொல்வாள், "போதும்பா. இப்ப நீ பாத்துக்க." உடனே அவள் எங்கள் கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தபடி அசையாமல் இருப்பாள். அவர் குனிந்து அவளைப் பார்த்துக்கொள்வார். "ம், பாத்துட்டேன்" என்று குரல் வரும்வரை அவள் கண்ணை எடுக்க மாட்டாள். எங்கே பார்ப்பது என்று தவறிவிடாமல் இருக்க, என் கண்ணாடி ஓரத்தில் நான் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துக் கேமராவுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டாள். சிவப்புப் பொட்டு.

எனக்கு முறை கிடையாது. நான் கேட்கவுமில்லை. மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, "என்னக் கொஞ்சம் பாருங்க" என்று எந்த மருமகள் புருஷனைக் கேட்பாள்? எங்கள் பக்கத்தில் அப்படியெல்லாம் வாய் வராது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். அவர் மகளுக்காகக் கண்ணைப் பார்க்கும்போது, நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற என்னையும் பார்க்கிற மாதிரியே இருக்கும். எந்தப் பக்கம் நகர்ந்து நின்றாலும் என்னையே பார்ப்பார். அது எனக்கான பார்வை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் முகம் அவர் திரையிலேயே இல்லை. ஆனாலும் நானும் திருப்பிப் பார்ப்பேன். இன்னொருத்தர் இலையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டேன். எனக்கே எனக்கென்று ஒருமுறை பார்க்க மாட்டாரா, என் முகத்தை முழுசாக ஒருமுறை பார்க்க மாட்டாரா என்று ஏங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏங்கித்தான் கிடந்தேன்.

2011 முடிகிற நேரத்தில் 'தானே' புயல் வந்தது. விடியற்காலையில் எங்கள் வீட்டுக் கூரை ஷீட் பிய்த்துக்கொண்டு போனது. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அத்தை அதற்கு முன்பே கேமராவை மட்டும் கழற்றி ஒரு டிபன் டப்பாவில் போட்டு மூடி, இடுப்பில் செருகியிருந்தார். "எது போனாலும் போவட்டும், அவன் பாக்குற கண்ணு இது" என்றார். அன்று அத்தையின் மேல் எனக்கு வந்த பாசத்தை எப்படிச் சொல்வது?

கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகிடந்ததை அவர் அங்கே டிவியில் பார்த்திருக்கிறார். எங்கள் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. முதலாளியிடம் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு, பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை வேளையில் வாசலில் வந்து நின்றார்.

மகள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்பாவுக்குக் காலு இருக்கு" என்று என் காதில் சொன்னாள். பாவம், அவளுக்கு ஞாபகமிருந்த அப்பா மார்புக்கு மேலேதான்.

சாப்பிட்ட பிறகு அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். அவளும் தயங்கித் தயங்கிப் போய் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள், மூக்கு, மீசை, காது, ஒவ்வொன்றாக. பிறகு அவள் சொன்னாள்.

"போதும்பா. இப்ப நீ பாத்துக்க."

சொல்லிவிட்டுக் கண்ணை உயர்த்தி, அவர் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சிரித்தபடி அசையாமல் இருந்தாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, என் கண்ணு" என்று அத்தை சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் மெதுவாக அவள் முகவாயைப் பிடித்துத் தாழ்த்தினார்.

"இங்க பாரு பாப்பா. நேர்ல ரெண்டு பேரும் ஒண்ணாவே பாத்துக்கலாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் நம்பாமல்தான் பார்த்தாள். நேரம் போகப் போக நம்பினாள். அப்போது அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஐந்து வருஷம் இதற்குத்தானே தவம் கிடந்தேன்? நான் என்ன செய்தேன் தெரியுமா? "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து ஓடினேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. பின்னாலேயே வந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தன் புருவ மத்தியில் விரலை வைத்தார்.

"ஏய், கண்ணு இங்க இருக்கு. இங்க பாரு."

பார்த்தேன். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

பிப்ரவரியில் திரும்பிப் போனார். அதற்கு முன்பே ஷீட் போட்டு, கரண்ட்டும் வந்திருந்தது. முதல் வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டு, ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று அமுக்கினேன். அத்தை டிபன் டப்பாவைத் திறந்து கேமராவை எடுத்துக் கொடுத்தார். பொட்டு மானிட்டரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் வந்தது. அத்தை பேசினார், மகள் பேசினாள், மகளுக்கும் அவருக்கும் முறை முடிந்தது. பிறகு அத்தை எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"நீ உக்காருமா. எனக்கு முதுவு வலிக்குது, நான் போய் டீ போடுறேன்."

அத்தைக்கு அதுவரை முதுகு வலித்ததே இல்லை.

உட்கார்ந்தேன். கேமராவை என் முகத்துக்குத் திருப்பினேன். அவர் தலையைத் தூக்கி அந்த டேப் ஒட்டிய கண்ணைப் பார்த்தார். எனக்காகத்தான் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் என்னைப் பார்க்காமலே இருக்கிறாரே என்று தோன்றியபோது, என் வாயிலிருந்து அது வந்தது.

"போதுங்க. இப்ப நீங்க பாத்துக்கங்க."

நான் கண்ணை உயர்த்திச் சிவப்புப் பொட்டைப் பார்த்தேன். கீழே அவர் முகம் மங்கலாக ஒரு நிழல் போலத் தெரிந்தது. குனிந்தால் அவருக்கு நான் இல்லாமல் போய்விடுவேன். அதனால் குனியவில்லை. "பாத்துட்டேன்" என்று குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. லைன் போயிருக்குமோ என்றுகூடத் தோன்றியது. அப்போதும் குனியவில்லை.

மகள் என் தோள் வழியாக எட்டித் திரையைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா அழுவுறாரு."

நான் பொட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.